மல்லியின் பாதமும் மழைக்காலமும்: இரண்டு வருட ட்ரிம்மர் அனுபவம்

குன்னூர்த் தோழி போன வாரம் போனில் கேட்டாள்: "அக்கா, உங்க நாய்க்கால் ட்ரிம்மர் விலை இறங்கியிருக்கு. வாங்கட்டுமா?" அன்றைக்குத்தான் என்னுடையதை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். எடுத்த எடுப்பில் "வேண்டாம்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான், இருந்தாலும் காரணம் இருக்கிறது.

ஒரே மெஷினில் இரண்டு தலை. ஒன்று நகம் ராவ, மற்றது விரலிடுக்கு முடி வெட்ட. ராவும் தலையைக் குறை சொல்ல மாட்டேன். என் நாய் மல்லிக்கு நகமெல்லாம் கருப்பு. உள்ளே ரத்தக்குழாய் எதுவரை வருகிறது என்று வெளியே தெரியாது. முன்பு நகவெட்டியால் ஒருமுறை ஆழமாக வெட்டிவிட்டு, சோளமாவை வைத்து அழுத்தியபடி அவளோடு நானும் நடுங்கிக்கொண்டிருந்தேன். ராவினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். நக முகப்பின் நடுவே கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடலாம். ஓரிடத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்காதீர்கள், சூடேறும். முன்காலில் தரை தொடாமல் மேலே நிற்கிற நகத்தையும் விட்டுவிடாதீர்கள். நடந்து தேயாத நகம் அது, வளைந்து சதையில் இறங்கிவிடும்.

முடி வெட்டும் தலைதான் என் வயிற்றெரிச்சல். கோத்தகிரியில் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. தேயிலைக்குள் ஒரு சுற்றுப் போய் வந்தால் பாதம் முழுக்கச் சேறு, ஒட்டுப்புல், அட்டை. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் சீக்கிரம் உறையாது. விரலிடுக்கில் முடி மண்டிக் கிடந்தால் அட்டை இருப்பதே தெரியாது; தரையில் சொட்டுச் சொட்டாகப் பார்த்த பிறகுதான் தேடவே ஆரம்பிப்போம். முடி வெட்டியே ஆகவேண்டிய காலம் அதுதான். அந்தக் காலத்தில்தான் இது வெட்டாது! ஈரமுடியைக் கவ்விக்கொண்டு இழுக்கும். துண்டால் துடைத்து, அடுப்படியில் அரைமணி நேரம் உட்காரவைத்தாலும், மேலே காய்ந்திருக்கும், அடிமுடியில் ஈரம் நிற்கும். பனிமூட்டத்தில் எதுதான் காய்கிறது? இப்போதெல்லாம் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே மல்லி கட்டிலுக்கு அடியில். வலது பின்னங்காலைத் தொடவே விடுவதில்லை.

மிக்ஸி ரிப்பேர் பார்க்கிற அண்ணன் பிளேடைக் கழற்றிக் காட்டினார். அடியில் முடி திரி மாதிரி இறுகிக் கிடந்தது, ஓரத்தில் துரு. "மோட்டார் நல்லாத்தான் இருக்கும்மா, ஈரம்தான் தின்னுருக்கு." ஒவ்வொரு தடவையும் துடைத்து எண்ணெய் விட்டுத்தான் வைத்தேன். பிளேடு மட்டும் தனியாகக் கிடைக்காதாம். 150 ரூபாய்க்குத் தீட்டித் தந்தார்.

நியாயமாகச் சொல்வதானால், தை, மாசியில் இதே தலை நாலு நிமிஷத்தில் நாலு காலையும் முடித்துவிடும். பிளேடைப் படுக்கையாகப் பிடித்து, பாதத்தோடு சமமாக வழித்தால் போதும். விரல் நடுவே குத்தக் கூடாது, அங்கே தோல் மெல்லியது. முதல்முறை வெட்டிய அன்று மல்லி எங்கள் சிவப்புச் சிமெண்ட் தரையில் வழுக்காமல் ஓடி வந்தாள். அதுவரை அவளுக்கு இடுப்பில்தான் ஏதோ கோளாறு என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்றுத் தோழி மறுபடி கூப்பிட்டாள். அவள் குட்டியின் விரலிடுக்கில் அட்டையாம். வாங்காதே என்றுதான் மறுபடியும் சொன்னேன். "சனிக்கிழமை இங்க கூட்டிட்டு வா, என்னோடதுல வெட்டி விடறேன். காஞ்ச துண்டு ரெண்டு எடுத்துட்டு வா."