க்யூஎஸ்எல் அட்டையா, ஒலிப்பதிவா?

பிரிட்டனில் இருந்துகொண்டு நியூயார்க்கின் டபிள்யூபிபிஆர் வானொலியை மத்திய அலையில், 1130 கிலோஹெர்ட்ஸில் கேட்டேன் என்று ஒருவர் சொல்கிறார். எதைப் பார்த்து நம்புவது?

க்யூஎஸ்எல் அட்டை நிலையமே அனுப்பும் சான்று. கேட்ட நேரம், அலைவரிசை, நிகழ்ச்சி விவரம் எழுதி அனுப்பினால் பதிலாக வரும். அதைக் கையில் வாங்கும் மகிழ்ச்சியே தனி. ஆனால் எல்லா நிலையமும் கடிதத்தைச் சரிபார்ப்பதில்லை. நிகழ்ச்சி விவரத்தை இணைய ஒலிபரப்பைக் கேட்டும் எழுதிவிடலாம்.

கேட்டவரே செய்த ஒலிப்பதிவில், அலை வான்வழி வந்த தடயம் இருக்கும். மத்திய அலை நிலையங்களுக்கு ஐரோப்பாவில் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, அமெரிக்காவில் 10. அதனால் பக்கத்தில் 1134-இல் ஐரோப்பிய நிலையம் ஏதாவது ஒலித்தால், இரண்டும் மோதி 4 கிலோஹெர்ட்ஸ் கீச்சொலி பதிவில் விழும். குரல் மங்கி, மறுபடி எழும். அப்புறம், மணி மாறும் நேரம் முக்கியம்: அமெரிக்க நிலையங்கள் அழைப்புக்குறியையும் (நிலையத்தின் அடையாள எழுத்துகள்) ஊரையும் அப்போது சொல்லியாக வேண்டும். அந்தச் சில நொடிகள் பதிவானால் போதும்.

சரி, நியூயார்க்கிலேயே உள்ள, இணையம் வழியே எங்கிருந்தும் இயக்கக்கூடிய ரிசீவரில் பதிந்திருந்தால்? அங்கே அந்தக் கீச்சொலியும் மங்கலும் இராது. மத்திய அலை இவ்வளவு தொலைவு இருட்டில்தான் எட்டும் என்பதால், இடையிலுள்ள அட்லாண்டிக் கடல் முழுக்க இருட்டாக இருக்கும் நேரமா என்றும் பார்க்க வேண்டும். பகல் 12 மணிப் பதிவை நான் ஏற்க மாட்டேன்.

சான்றாக எனக்கு ஒலிப்பதிவுதான்; அட்டை நினைவுக்கு.