பில்லில் இன்டர்னல், பெட்டிக்குள் எக்ஸ்டர்னல்: எடிட்டிங் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் இந்த சீசனுக்குப் புது மெஷின் எடுப்பதாக இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாகர்கோவிலில் ஒரு கடையில் எங்கள் ஸ்டுடியோவுக்கு வாங்கிய கம்ப்யூட்டரில் நடந்ததை எழுதுகிறோம். புகார் நடப்பதால் கடைப்பெயரை இங்கே போடவில்லை. பெயரைவிட, ஏமாற்றும் முறை தெரிந்தால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

பில்லில் இருந்தது இவ்வளவுதான்: "எஸ்எஸ்டி 1 டிபி, ஹார்ட் டிஸ்க் 8 டிபி இன்டர்னல்". மாடல் நம்பர் கிடையாது, சீரியல் நம்பர் கிடையாது. கொட்டேஷனில் "என்விஎம்இ" என்று, அதாவது தட்டு சுழலாத எஸ்எஸ்டியிலேயே வேகமான ரகம் என்று, எழுதியிருந்தது பில்லுக்கு வரும்போது காணாமல் போயிருந்தது. மொத்த மோசடியும் இந்த வெற்றிடத்துக்குள்தான் நடந்திருக்கிறது.

சில மாதங்களில் 8 டிபி டிஸ்க் தடுமாற ஆரம்பித்தது. ஃபோல்டரைத் திறந்தால் அரை நிமிடம் சுற்றும், ரெண்டர் பாதியில் நிற்கும். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் நிறத்தில் 'காஷன்' காட்டியது. சி5 வரிசையில், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கையில், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எண். கேபினெட்டைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. கடையில் பெட்டியோடு விற்கும் டிஸ்க்கில் இருக்கும் கலர் லேபிள் இதில் இல்லை, வெறும் வெள்ளை லேபிள். பவர் கனெக்டரின் தங்கப் பல்வரிசையில் மூன்றாவது பல்லின் மேல் ஒரு பொடித் துண்டு மஞ்சள் டேப், அரிசியைவிடக் கொஞ்சம் ஒல்லியாக, ஒழுங்காக வெட்டி ஒட்டியிருந்தது.

அந்த டேப்தான் சாட்சி. டிஸ்க்கை மெஷினோடு இணைக்கும் சாட்டா முறையின் பவர் கனெக்டரில் முதல் மூன்று பின்களும் பழைய முறையில் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. புதிய டிஸ்க்குகள் சிலவற்றில் மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை: அதில் கரண்ட் வந்தால் டிஸ்க் தன்னை அணைத்துக்கொள்ளும். சர்வர்களுக்காக வந்த இந்த வசதி, 3.5 இஞ்ச் எக்ஸ்டர்னல் பெட்டிகளுக்குள் வரும் டிஸ்க்குகளிலும் அடிக்கடி இருக்கும். சாதாரண எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) பலவும் அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுப்பதால் டிஸ்க் சுழலவே செய்யாது. அதனால் பின்னை டேப்பால் மறைப்பார்கள், அல்லது 3.3 வோல்ட் வயரே இல்லாத பழைய மோலெக்ஸ் பிளக்கிலிருந்து கரண்ட் எடுக்கும் மோலெக்ஸ்-சாட்டா கன்வெர்ட்டர் போடுவார்கள். இரண்டில் ஒன்று உங்கள் புது மெஷினுக்குள் இருந்தால், எக்ஸ்டர்னல் பெட்டியை உடைத்து எடுத்த டிஸ்க்கோ என்று உடனே சந்தேகப்படுங்கள். கன்வெர்ட்டரில் இன்னொரு ஆபத்தும் உண்டு: பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு ரகத்தில் உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகி, கனெக்டரே எரிந்துபோகும்.

உடைத்து எடுத்த டிஸ்க் எல்லாமே மட்டம் என்று சொல்ல மாட்டோம். தெரிந்து, குறைந்த விலைக்கு, தன் பொறுப்பில் மாட்டுகிறவர்கள் உண்டு. எங்கள் குற்றச்சாட்டு வேறு. பல நேரம் அதே கொள்ளளவு இன்டர்னலைவிட எக்ஸ்டர்னல் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கி உடைத்து இன்டர்னல் விலைக்குப் பில் போடுகிறார்கள். வாரண்டி அந்த முழுப் பெட்டிக்குத்தான். பெட்டியைத் திறந்ததும் அது போய்விடும். டிஸ்க்கின் சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் போட்டால் "தகுதி இல்லை" என்றுதான் வருகிறது. மூன்று வருட வாரண்டி என்று கடைக்காரர் வாயால் சொன்னது காற்றோடு போயிற்று.

எஸ்எஸ்டி கதை இன்னும் எளிது. எம்.2 என்பது மதர்போர்டிலேயே குத்தும் பட்டை எஸ்எஸ்டியின் வடிவத்துக்குப் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். சாட்டா என்றால் விநாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) என்விஎம்இ 3,500 வரை, ஜென் 4 என்றால் 7,000 வரை போகும். எங்களுக்கு மாட்டியிருந்தது சாட்டா. கையில் எடுத்துப் பார்த்தால், சாட்டா ரகத்தின் பல்வரிசையில் பெரும்பாலும் இரண்டு வெட்டு, என்விஎம்இயில் பெரும்பாலும் ஒரே வெட்டு. விதிவிலக்கு உண்டு என்பதால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'இன்டர்ஃபேஸ்' வரியில் "என்விஎம் எக்ஸ்பிரஸ்" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு செல்லில் நான்கு பிட் திணிக்கும் மலிவான க்யூஎல்சி எஸ்எஸ்டிகள் முதலில் வேகமாகத் தெரியும், உள்ளே கேஷ் (வேகமாக எழுதும் தற்காலிக இடம்) நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கோ அதற்குக் கீழேயோ விழும். ஒரு 150 ஜிபி ஃபுட்டேஜைத் தொடர்ந்து காப்பி போட்டு, கிராஃப் எங்கே சரிகிறது என்று கடையிலேயே பார்ப்பதுதான் சரியான சோதனை.

டிஸ்க்கைக் கொண்டுபோய்க் காட்டியதும் கடையில் கொடுத்த தீர்வுதான் எல்லாவற்றிலும் மோசம். மாற்று டிஸ்க் தராமல் 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ஒன்றை நீட்டினார்கள். "அண்ணே, உள்ள மாட்டினாலும் வெளிய மாட்டினாலும் டிஸ்க் டிஸ்க்தானே, இப்போ எல்லாரும் எக்ஸ்டர்னல்தான் போடுறாங்க."

இல்லை, இரண்டும் ஒன்று இல்லை. 100 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட்) எடுத்த 4கே ஃபுட்டேஜ் விநாடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா மல்டிகேம் டைம்லைனுக்கு 37.5 எம்பி இடைவிடாமல் வேண்டும். யுஎஸ்பி 2.0 போர்ட்டில் நடைமுறையில் கிடைப்பதே 35 முதல் 40தான். மொபைலோடு வரும் டைப்-சி கேபிள்கள் பலவும் 2.0 ரகம் என்பதால், நல்ல டிஸ்க்கும் அதில் மாட்டினால் தவழும். 3.0 போர்ட்டில் மாட்டினாலும் 2.5 இஞ்ச் போர்ட்டபிளின் தட்டு வேகம் 100 முதல் 130 எம்பிதான். அதுவும் ஒரே ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது. மூன்று கிளிப்பைத் தாவித்தாவிப் படிக்கும்போது பாதிகூட வராது. பெரும்பாலான போர்ட்டபிள்கள் எஸ்எம்ஆர் முறையில் எழுதுகிறவை. தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதால், நிறைய எழுதி நிரம்பிய பிறகு மறுபடி எழுதச் சொன்னால் திணறும். ரெண்டர், கேஷ் ஃபைல் எல்லாம் அந்த வேலைதான்.

வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை, அறுந்துபோவது. 3.0 போர்ட் கொடுக்கும் கரண்ட் 900 மில்லி ஆம்பியர். சுழலத் தொடங்கும் நேரத்தில் டிஸ்க் அதன் விளிம்பைத் தொடும். கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டுக்கு மெல்லிய வயர் வழியாகத்தான் கரண்ட் வருகிறது. அங்கே கொஞ்சம் குறைந்தால் டிஸ்க் நின்று மறுபடி சுழலும், டைம்லைன் முழுக்கச் சிவப்பில் "மீடியா ஆஃப்லைன்". கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் போர்ட்டும் பின்னும் அரித்து லூஸ் ஆவது இதோடு சேரும். எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்தால், எழுதுவதைக் குறித்துவைக்கும் ஜர்னல் இல்லாத எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் ஃபோல்டரே சிதையலாம். எக்ஸ்டர்னலில் வேலை செய்தே ஆக வேண்டும் என்றால் பின்பக்க மதர்போர்டு போர்ட்டில் மாட்டி, விண்டோஸுக்கு மட்டும் என்றால் ஜர்னல் உள்ள என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்து, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கடைசி எழுத்துகளில் ஒன்றை டிரைவ் லெட்டராக நிலையாகக் கொடுங்கள். பென் டிரைவ் குத்தியதும் லெட்டர் மாறி ப்ராஜெக்ட் தொலையாது.

கடைக்காரர்கள் ஆப்பிளை உதாரணம் காட்டுவார்கள். 2013 மேக் ப்ரோவில் ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளே இடமே இல்லைதான். ஆனால் அதற்கு ஆறு தண்டர்போல்ட் 2 போர்ட், ஒவ்வொன்றும் 20 ஜிபிபிஎஸ். 2019இல் ஆப்பிளே மறுபடி, உள்ளே கார்டு மாட்டும் எட்டு பிசிஐஇ ஸ்லாட்டோடு பெரிய பெட்டிக்குத் திரும்பிவிட்டது. 10 ஜிபிபிஎஸ் போர்ட்டில் நல்ல எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி விநாடிக்கு 1,000 எம்பி கொடுக்கும், அதில் எடிட் செய்யலாம், மறுக்கவில்லை. எங்களுக்கு நீட்டியது அது இல்லை.

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு வரும் "16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி" பக்கம் போகவே வேண்டாம். உள்ளே ஒரு மெமரி கார்டும் பொய்க் கொள்ளளவு காட்டும் சிப்பும்தான். உண்மைக் கொள்ளளவு நிரம்பியதும் பழைய ஃபைல் மேலேயே எழுதும். ஃபைல் பெயர் தெரியும், திறக்காது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுக்க எழுதிப் படித்து உண்மையைக் காட்டிவிடும்.

எங்கள் கணக்கில் சரியான அமைப்பு இதுதான்: விண்டோஸுக்கு 500 ஜிபி என்விஎம்இ, ஓடுகிற வேலைக்கு 2 டிபி என்விஎம்இ தனியாக, முடிந்த வேலைக்கு, தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியாத 3.5 இஞ்ச் சிஎம்ஆர் ஹார்ட் டிஸ்க், மூன்றும் பெட்டிக்குள். எக்ஸ்டர்னல் இரண்டு, காப்பிக்கு மட்டும். ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வீட்டில். இரண்டு இடத்தில் காப்பி ஏறும்வரை கேமரா கார்டை ஃபார்மேட் செய்யக் கூடாது. இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் சில மதர்போர்டுகளில் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் செத்துவிடும். மேனுவலைப் பார்த்து டிஸ்க்கை வேறு போர்ட்டில் மாட்டச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன் பில்லில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மாடல் நம்பர், சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சீல் உடையாத பெட்டியை உங்கள் முன் பிரிக்கச் சொல்லி, அதே சீரியலை மொபைலில் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' சில மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு வருடம் நிற்காமல் ஓடினால் 8,760 மணி நேரம் என்பதை வைத்து மற்றதைக் கணக்குப் போடலாம். அந்த எண்ணையும் அழிக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் பழைய சீகேட் டிஸ்க்குகள் மணிக்கணக்கு அழிக்கப்பட்டுப் புதிது என்று விற்கப்பட்டது வெளிவந்தது. டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் ஃபார்ம் என்ற தனிப் பதிவில் உண்மை நேரம் அப்படியே இருந்தது. சீகேட் என்றால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அந்தப் பதிவையும் படிக்கலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: டிஸ்க்கைக் கடையில் திருப்பிக் கொடுக்கும் முன் லேபிள், டேப், சீரியல், வாரண்டி பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்துவையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, முதலில் அங்கே பதியலாம். அடுத்தது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. தொழிலுக்கு வாங்கியது என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். தன் பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்த மட்டும் வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. திருவனந்தபுரத்தில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருப்பது இங்கே என்றால் நாகர்கோவிலிலேயே புகார் கொடுக்கலாம்.