செங்காந்தளும் தும்பையும் கறுப்பு வெள்ளையில்: மூன்று வழிகள்

கார்த்திகை மாதத்து வேலியில் பூத்திருக்கும் செங்காந்தளை மேக்ரோ லென்ஸ் வழியே நெருங்கிப் பார்த்தால், மேற்பாதி சிவந்தும் அடிப்பாதி மஞ்சளாகவும் உள்ள ஆறு இதழ்கள் நெளிந்த விளிம்போடு பின்னோக்கி வளைந்திருப்பதும், சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்பதும் தெளிவாகத் தெரியும். அதே படத்தை அப்படியே கறுப்பு வெள்ளையாக்கினால், சிவப்பும் இலைப் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிப் பூ இலைக்குள் தொலைந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க இன்று மூன்று வழிகள் உள்ளன: வண்ணக் கேமராவில், பதிந்த ஒளித் தகவல் அப்படியே இருக்கும் ரா கோப்பாக எடுத்துப் பின்னர் மாற்றுவது, வண்ணம் பதியாத மோனோகுரோம் சென்சாரில் எடுப்பது, ஃபிலிமில் எடுப்பது.

காந்தளுக்கு முதல் வழியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. மாற்றும்போது சிவப்பை உயர்த்திப் பச்சையைத் தாழ்த்தினால் பூ வெளுத்து இலை கறுக்கும். ஆனால் மஞ்சளும் சேர்ந்து வெளுத்துவிடுவதால், இதழில் இரு நிறங்களும் சந்திக்கும் எல்லை அழிந்துபோகும். சிவப்பைத் தாழ்த்தி, மஞ்சளை உயர்த்தினால்தான் இதழின் அடி ஒளிர்ந்து, நுனி தீயின் கரிய நாக்கைப் போல எழும். இந்த முடிவை வீட்டில் அமர்ந்து பத்து முறை மாற்றிப் பார்த்து எடுக்கலாம் என்பதே இவ்வழியின் பெரிய வசதி. எனினும், வெயிலில் சிவப்புச் சேனல் (சிவப்பு ஒளிக்கான தனிப் பதிவு) பச்சை, நீலச் சேனல்களுக்கு முன்பே நிரம்பி, இதழின் நுண்கோடுகள் மறைந்துவிடுவதுண்டு. ஆகவே மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஒளியளவு வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்து, ஒளியைச் சற்றுக் குறைத்தே எடுக்க வேண்டும். (காந்தள் நச்சுச்செடி, கொடியைத் தொட்டால் கைகழுவுவது நல்லது.)

2023இல் வந்த பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோகுரோம் போன்ற கேமராக்களில், சென்சார் மீது நிற வடிகட்டிகள் இல்லை. ஒவ்வொரு பிக்சலும் முழு ஒளியைப் பெறுவதாலும், அண்டைப் பிக்சல்களைக் கொண்டு நிறத்தைக் கணிக்கும் வேலை இல்லாததாலும் விவரங்கள் கூர்மையாகப் பதிகின்றன. ஆனால் காந்தளின் நிறங்களைப் பிரிக்க, எடுக்கும்போதே லென்ஸில் பச்சை ஃபில்டர் மாட்ட வேண்டும். அது ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் ஒளியைத் தின்னும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). பூவின் உண்மையான அளவிலேயே சென்சாரில் உருவம் விழும் ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் லென்ஸும் ஏற்கெனவே ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் இழந்திருக்கும் நிலையில், ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதால், காற்றில் ஆடும் கொடியை அசைவின்றிப் பிடிப்பது கடினம்.

தும்பைக்கு வந்தால் தீர்ப்பு மாறுகிறது. அது முழு வெண்மையான பூ என்பதால் பிரிப்பதற்கு நிறமில்லை, ஃபில்டரும் வேண்டியதில்லை. பூவின் உதடு போன்ற மேலிதழை மூடிய மெல்லிய வெண்ரோமங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவதில் மோனோகுரோம் சென்சாருக்கு நிகரில்லை. வெண்மை ஒருமுறை வெளுத்துவிட்டால் மீட்டெடுக்க வேறு சேனல் கிடையாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஃபிலிமில், இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸின் வேகம் (ஒளியை உணரும் திறன்) ஐஎஸ்ஓ 125தான். காற்றடிக்கும் வெளியில் அது போதாது. இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் அதைவிட மெதுவானது (ஐஎஸ்ஓ 80) என்றாலும், சிவப்பை உணராத தன்மையால் ஃபில்டர் இல்லாமலேயே காந்தள் நுனியை ஏறக்குறையக் கறுப்பாக்கித் தருகிறது. விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும் சிறிது நேரத்துக்கு, முக்காலியோடு அதையும் எடுத்துச் செல்வேன்.