சின்னப் பிள்ளைகளோடு தீம் பார்க் போகிறீர்களா? விரைவு பாஸ் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"க்யூவில் நிற்கவே வேண்டாம்" என்று சொல்லி தீம் பார்க் வாசலில் விற்கிறார்களே, அந்த விரைவு பாஸை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டார் தலைக்கு ஒன்று என்று வாங்கிவிடாதீர்கள். எங்களுக்கு அப்படித்தான் விற்றார்கள். பெரிய ரைடு எதிலும் என் சின்ன மகளால் ஏற முடியாது என்பது விற்றவருக்கு நன்றாகத் தெரியும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணெதிரேதான் நின்றாள்.

பூங்காவின் பெயரைப் போடப்போவதில்லை. பெயர் தெரிந்தால் அந்த ஒரு இடத்தை மட்டும் தவிர்ப்பீர்கள். இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எந்த ஊரில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் உதவும்.

கவுன்ட்டரில் நான் நேராகவே கேட்டேன்: "பாப்பாவுக்கு நாலு வயசுதான் ஆகுது. அவளுக்கும் இது தேவையா?"

"எல்லாருக்கும் எடுத்தாதான் மேடம் ஒண்ணா போக முடியும். பாப்பாவுக்கு மட்டும் எடுக்கலேன்னா அது பெரிய க்யூவுல தனியாவா நிக்கும்?"

கேட்டதும் எந்தத் தாய்க்கும் சரி என்றுதான் தோன்றும். நான்கு பேருக்கும் பணம் வாங்கிக்கொண்டு நான்கு காகிதப் பட்டைகள் கொடுத்தார். பெரியவர்களுக்கான அளவில் இருந்த பட்டையை மகளின் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி ஒட்டினார். பக்கத்துச் சுவரில் உயர அளவுகோல் இருந்தது. அதில் அவளை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முதல் ரைடின் நுழைவில் நான்கு பட்டைகளையும் ஸ்கேன் செய்து உள்ளே விட்டார்கள். விரைவு வரிசை என்றாலும் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம். பெட்டிகள் வந்து நிற்பது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஏறும் மேடைக்குச் சற்று முன்னால், ஓர் ஊழியர் மகளைப் பார்த்துவிட்டு அளவுக்கோலை எடுத்தார். தலையில் இருந்த கிளிப்பைக் கழற்றச் சொன்னார். கோடு அவள் உச்சந்தலைக்கு இரண்டு விரல்கடை மேலே இருந்தது. "பாப்பா அடுத்த வருஷம் வாங்க" என்று அவர் அன்பாகத்தான் சொன்னார். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?" என்று கேட்டாள்.

அந்த ஊழியர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் செய்தது முழுக்கச் சரி. உயர வரம்பை ரைடைத் தயாரிக்கும் நிறுவனம்தான் அடிப்படையில் நிர்ணயிக்கிறது. மடிமேல் இறங்கும் கம்பியும் தோளைப் பிடிக்கும் பூட்டும் குறிப்பிட்ட அளவுள்ள உடம்புக்காக வடிவமைக்கப்பட்டவை. சின்ன உடம்பு அதற்குள் நழுவும். வேகத்தில் ஓர் உலுக்கு உலுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஒரு சென்டிமீட்டர்தானே, விடுங்கள்" என்று தயவுசெய்து யாரும் சண்டை போடாதீர்கள், செருப்புக்குள் அட்டை வைத்து உயரம் காட்டாதீர்கள். என் ஆதங்கமெல்லாம் வேறு. இந்த அளவை வரிசையின் முடிவில் எடுக்கிறார்களே, பணம் வாங்கும் இடத்தில் ஏன் எடுப்பதில்லை?

அப்புறம் நடந்ததுதான் மோசம். யாராவது ஒருவர் அவளோடு வெளியே போயாக வேண்டும். கணவரும் மகனும் ஏறிக்கொள்ள, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, எதிரே வருகிற அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு நான் வந்த வழியே திரும்பினேன். அவர்கள் வந்ததும் பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் போனால், நுழைவில் என் பட்டை சிவப்பு காட்டியது. ஒரு ரைடுக்கு ஒரு முறைதான். நுழைவிலேயே ஸ்கேன் ஆகிவிட்டதால் நான் ஏறிவிட்டதாகவே கணக்கு. "சிஸ்டம்ல யூஸ் ஆயிடுச்சு மேடம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." மகள் பட்டையிலும் அதே கதை. ஏறவே முடியாத ரைடில் அவள் பாஸ் செலவாகியிருந்தது.

இந்த இடத்தில் யாரும் எங்களிடம் சொல்லாத ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பல பெரிய பூங்காக்களில் சின்னப் பிள்ளை உள்ள பெற்றோருக்கென்று மாற்றி ஏறும் வசதி இருக்கிறது, தனிக் கட்டணம் கிடையாது. டிஸ்னி பூங்காக்களில் அதன் பெயர் ரைடர் ஸ்விட்ச், யூனிவர்சலில் சைல்டு ஸ்வாப், நெதர்லாந்தின் எஃப்டெலிங்கில் பேபி ஸ்விட்ச். டிஸ்னியில் ஒருவர் ஏறிவிட்டு வரும்வரை மற்றவர் பிள்ளையோடு வெளியே இருக்கலாம். பிறகு அவர் மறுபடி முழு வரிசையும் நிற்காமல் விரைவு வாசல் வழியே போகலாம். யூனிவர்சலில் குடும்பமே சேர்ந்து வரிசையில் போய், ஏறும் இடத்துக்குப் பக்கத்து அறையில் பிள்ளையோடு காத்திருந்து முறை மாற்றிக்கொள்கிறார்கள். நடைமுறை இடத்துக்கு இடம் மாறும். அதனால் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "எங்களில் ஒருவர் பிள்ளையோடு நிற்க வேண்டும், இரண்டாவது ஆள் மறுபடி க்யூவில் நிற்காமல் ஏற வழி இருக்கிறதா?" என்று ரைடின் நுழைவிலேயே, பட்டையை நீட்டும் முன்பே கேளுங்கள். நாங்கள் போன பூங்காவிலும் இந்த வசதி இருந்திருக்கிறது. வெளியே வரும்போது வேறொரு ரைடின் ஊழியர் சொல்லித்தான் தெரிந்தது. கவுன்ட்டரில் இதைச் சொல்லியிருந்தால் நாங்கள் நான்கு பாஸ் வாங்கியிருக்க மாட்டோம். சொல்லாததற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். குடும்பத்தோடு ஏறும் மிதமான ரோலர் கோஸ்டர்களில் 102 சென்டிமீட்டர் என்ற கோடு பரவலாக உண்டு. தலைகீழாகச் சுற்றுபவை பலவற்றில் 122, சிலவற்றில் 130-ஐயும் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 4 வயது நிறைந்த பிள்ளையின் நடுமட்ட உயரம் சுமார் 103, 5 வயதில் சுமார் 110, 7 வயதில் சுமார் 121. அதாவது 4 வயது நிறைந்த பிள்ளைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அந்த 102-ஐ எட்டியிருக்க மாட்டார்கள். 122 என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்கே சந்தேகம்தான். இன்னொன்று, எல்லோருமே காலையில் இருப்பதைவிட மாலையில் கொஞ்சம் குறைந்துதான் இருப்போம். நாளெல்லாம் நின்று நடந்து முதுகெலும்பின் இடைவட்டுகள் அழுந்துவதால் வருவது அது. கோட்டை ஒட்டி இருக்கும் பிள்ளையைக் காலையிலேயே அளந்து, அந்த ரைடை முதலில் முடித்துவிடுங்கள். சில பூங்காக்களில் ஒரு முறை அளந்து கையில் நிறப் பட்டை கட்டிவிடுகிறார்கள். அந்த வசதி இருந்தால் உள்ளே போனதும் முதல் வேலை அதுதான்.

சரி, பெரிய ரைடு போகட்டும், சின்னப் பிள்ளைகளுக்கான ரைடிலாவது அவள் பாஸ் செல்லுமா என்று அங்கே போனோம். பெரும்பாலானவற்றில் விரைவு வாசலே கிடையாது. வெயிலில், பொது வரிசையில், எல்லோரையும் போல நின்றோம். அன்று மகனையும் என்னையும் மிகவும் களைக்க வைத்த வரிசை அந்தக் குட்டி ராட்டினத்தினுடையதுதான். காரணம் எளியது. சின்ன ரைடுகளில் ஒரு சுற்றுக்கு ஏறுகிறவர்கள் குறைவு. பிள்ளைகளை ஏற்றி, பெல்ட் மாட்டி, அழுகிற ஒன்றைச் சமாதானப்படுத்தி இறக்குவதற்கும் நேரம் பிடிக்கும். ஃபுளோரிடா டிஸ்னியின் பறக்கும் யானை ராட்டினத்தில் ஒரு வட்டத்துக்கு 16 யானைகள்தான். கூட்டம் தாங்காமல் 2012-இல் பக்கத்திலேயே இன்னொரு வட்டம் சேர்த்தார்கள். காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் விளையாட ஒரு கூடாரமும் போட்டார்கள். மனது வைத்தால் செய்ய முடிகிற காரியம்தான்.

விரைவு வரிசையே ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ரைடில் தடவைக்கு 24 பேர், 90 விநாடிக்கு ஒரு தடவை என்றால் மணிக்கு 960 பேர் ஏறலாம். உங்களுக்கு முன்னால் 300 பேர் நின்றாலும், பாஸ் என்ற ஒன்றே இல்லாவிட்டால் 19 நிமிடத்தில் உங்கள் முறை வந்துவிடும். இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் நிற்கும் ஊழியர் ஐந்தில் நான்கு இடத்தைப் பாஸ்காரர்களுக்குக் கொடுக்கிறார் என்று வையுங்கள். பொது வரிசைக்கு மணிக்கு 192 இடம்தான் மிஞ்சும். அதே 300 பேருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இதையெல்லாம் பார்த்து அலுத்துப்போய் இன்னும் பலர் பாஸ் வாங்குவார்கள். விரைவு வரிசையில் 400 பேர் சேர்ந்தால் அங்கேயும் அரை மணி நேரம். இதற்கிடையில் ஓடுகிற இரண்டு ரயில்களில் ஒன்றைப் பழுதுக்காக எடுத்துவிட்டால் எல்லாமே ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். இருக்கைகளின் எண்ணிக்கை கூடவே இல்லை என்பதை மறக்காதீர்கள். பாஸ் செய்வதெல்லாம் ஒருவரின் நேரத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதுதான். டிஸ்னி 1999-இல் ஃபாஸ்ட்பாஸைத் தொடங்கியபோது எல்லோருக்கும் இலவசம். அமெரிக்காவிலுள்ள அதன் பூங்காக்களில் 2021-இல் அந்த இலவச முறை போய்க் கட்டண முறை வந்தது. வரிசையைச் சமாளிக்க வந்த ஏற்பாடு தனி வருமானமாக மாறிவிட்டால், யாருக்கு உண்மையில் தேவை என்று பார்த்து விற்க யாருக்கு மனம் வரும்?

பிள்ளைகளோடு வரிசையைச் சமாளிக்கப் பணமில்லாத வழிகளே நிறைய உண்டு. கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் பொன்னான நேரம். பலரும் பெரிய ரைடுகளை நோக்கி ஓடும்போது நீங்கள் குட்டி ராட்டினங்களை முடித்துவிடலாம், அல்லது வாசலுக்கு மிகத் தொலைவில் இருப்பதில் தொடங்கலாம். வரிசையில் நுழையும் முன் கழிப்பறை கட்டாயம். நடுவில் வெளியே போனால் திரும்ப அதே இடத்தில் சேர விடுவார்களா என்று நுழைவிலேயே கேட்டுவிடுங்கள், சில இடங்களில் விடமாட்டார்கள். காலியாக மிஞ்சும் ஒற்றை இருக்கைகளை நிரப்ப ஒவ்வொருவராக ஏற்றும் தனி ஆள் வரிசை வேகமாக நகரும். ஆனால் அது குடும்பத்தைப் பிரித்து உட்கார வைக்கும், சின்னப் பிள்ளைக்கு ஆகாது.

மாலையில் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனோம். வாடிக்கையாளர் சேவை அறையில் நீண்ட நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு ஒருவர் வந்து பாஸின் பின்பக்கத்தைக் காட்டினார். உயரக் கட்டுப்பாடுகள் பொருந்தும், ரைடுகள் முன்னறிவிப்பின்றி நிறுத்தப்படலாம், பணம் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் இருந்தது. அன்று மதியம் முக்கியமான ரைடு ஒன்று பழுதாகி மூடியே கிடந்தது, அதற்கும் இதே பதில்தான். "விற்கும்போது ஏன் சார் சொல்லவில்லை?" என்று என் கணவர் கேட்டார். "நீங்க படிச்சுப் பார்த்திருக்கணும்" என்றார் அவர். அந்தக் காகிதம் எங்கள் கைக்கு வந்ததே பணம் கட்டிய பிறகு.

எனவே பணத்தை எடுக்கும் முன் கவுன்ட்டரிலேயே கேளுங்கள். பிள்ளையை அளவுகோல் முன் நிறுத்தி, இந்த உயரத்துக்கு இந்தப் பாஸில் எந்தெந்த ரைடு செல்லும் என்று பெயர் பெயராகச் சொல்லச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்த பிறகு ஏற முடியாமல் போனால் அந்த முறை திரும்பக் கிடைக்குமா, ரைடு நின்றுபோனால் மாற்று என்ன என்பதையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதீர்கள். உள்ளே போய் வரிசைகளைக் கண்ணால் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஏற முடிந்தவர்களுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். வாங்கிவிட்டீர்கள் என்றால் ரசீதையும் பட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். மூடியிருந்த ரைடின் பலகையை நேரம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கவுன்ட்டரில் என்ன சொன்னார்கள் என்பதை அன்றே எழுதி வையுங்கள்.

நாங்கள் எழுத்தில் புகார் கொடுத்தோம். அதே பொடி எழுத்து வரிகளை எடுத்துப்போட்டுப் பதில் வந்தது. மகளுடைய பாஸ் தொகையையாவது திருப்பித் தரும்படியும், கவுன்ட்டரில் பிள்ளைகளை அளந்த பிறகே பாஸ் விற்கும்படியும் மறுபடி எழுதியிருக்கிறோம். அதற்கு இன்னும் பதில் இல்லை.