எழுத்துருவுக்குப் பெயரா, எண்ணா?

பிரெஞ்சு அச்சுக்கலை அறிஞர் மாக்சிமிலியன் வாக்ஸ் 1954-இல் வகுத்த எழுத்துரு வகைப்பாடும், சுவிஸ் எழுத்துரு வடிவமைப்பாளர் ஆட்ரியன் ஃபுருட்டிகர் 1957-இல் வெளிவந்த தம் யூனிவர்ஸ் எழுத்துருக் குடும்பத்துக்கு (ஒரே வடிவத்தின் தடித்த, மெலிந்த, சாய்ந்த வகைகளின் தொகுப்புக்கு) அளித்த எண்முறையும் நோக்கத்திலேயே வேறுபட்டவை. வாக்ஸ், எழுத்தின் வரலாற்றையும் கோட்டு நுனிகளின் வடிவத்தையும் கொண்டு ஒன்பது பிரிவுகள் அமைத்தார். ஓர் எழுத்துரு எந்த மரபில் வந்தது என்பதை அறிய அது உதவும். ஃபுருட்டிகரோ ஒரே குடும்பத்தின் 21 எழுத்துருக்களுக்கு ஈரிலக்க எண்களைச் சூட்டினார். முதல் இலக்கம் தடிமனையும், இரண்டாவது அகலத்தையும் சாய்வையும் சொல்லும்: 55 இயல்பானது, 65 தடித்தது, 56 சாய்ந்தது, 57 ஒடுங்கியது.

திருப்பூரில் பனியன் லேபிள் வடிவமைக்கும் எனக்கு ஃபுருட்டிகரின் முறையே நெருக்கமானது. துவைப்புக் குறிப்பு இரண்டு விரல் அகல நாடாவில் அடங்காமல் போய், "ஏனுங்க, எழுத்தைக் கொஞ்சம் ஒடுக்கிக் குடுங்க" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, எழுத்தை இழுத்து நெரித்துச் சிதைக்காமல் 55-இலிருந்து 57-க்கு மாறினால் போதும். லத்தீன் எழுத்தின் நுனிக்கோடுகளை, அதாவது கோடுகளின் முனையில் வரும் சிறு குறுக்குக் கோடுகளை, பெரிதும் சார்ந்த வாக்ஸின் பிரிவுகள் தமிழுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. தடிமன், அகலம், சாய்வு என்ற மூன்றும் 'ழ'கரத்துக்கும் உண்டு.