அந்நியன்: திருகோணமலை வாசகருக்கு ஒரு நூல் மதிப்புரை

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் 1942ஆம் ஆண்டு நாவல். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே நேரடியாகத் தமிழாக்கியது, க்ரியா வெளியீடு. தயங்காமல் வாங்கலாம்.

முதற்பாகம் ஆறு அத்தியாயம், இரண்டாம் பாகம் ஐந்து. முதற்பாகத்தை ஒரே இருப்பில் முடியுங்கள். தாயின் சவப்பெட்டியருகே கதாநாயகன் மெர்சோ பால் கோப்பி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான். அடக்கத்துக்கு மறுநாள் கடலில் குளிக்கிறான். இவற்றைக் குறித்து வையுங்கள். பிறகு வரும் கொலை வழக்கில் அவனுக்கு எதிராக வந்து நிற்பவை இவைதான்.

அவனைக் கல்நெஞ்சன் என்று முடிவுகட்டுவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். உணராத துக்கத்தை உணர்ந்ததாகச் சொல்ல அவன் மறுக்கிறான். ஊர் அதைத்தான் மன்னிக்கவில்லை. நாவலின் குறுவாக்கியங்களுக்கிடையே நாமாக ‘ஆகவே’ போட்டு ஒட்டினால் கதை கெட்டுவிடும்.

கொளுத்தும் வெயிலில், கடற்கரையில், மெர்சோ ஓர் அரபுக்காரனைச் சுடுகிறான்: ஒரு வெடி, பிறகு நான்கு. நிலாவெளி மணலில் நடுப்பகலில் நின்றவர்களுக்கு அந்த வெயிலை விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த அரபுக்காரனுக்குக் கடைசிவரை பெயரே இல்லை. மூன்று சமூகங்கள் அருகருகே வாழும் நம் ஊரில் அந்த இடத்தை வேகமாகக் கடக்காதீர்கள். நாவலின் பெரிய குறை அதுவே.

மாரிக்காலத்தில் மூடிய அலுமாரியில் வையுங்கள்; கடற்காற்றில் தாள் ஈரம் பிடிக்கும்.