முன்பாரமா, பின் ரயருக்குள் தண்ணீரா: பழைய மெசினுக்கு றொட்டவேற்றர் பூட்டும்போது

கைமாறி வரும் மசி பெர்குசன் 240 உழவு மெசின் பெரும்பாலும் முழுசாக வருவதில்லை. முன்பாரக் கட்டிகள் எப்போதோ தனியாக விலைப்பட்டிருக்கும், அவற்றைத் தாங்கும் சட்டமும் இராது. அந்த மெசினுக்கு, மண்ணைச் சுழன்று கிளறும் ஆறடி றொட்டவேற்றரைப் பூட்டி மாரிக் காலபோகத்துக்குக் கிளிநொச்சி இரணைமடுப் பக்க வயலில் இறக்கினால், வரம்பு ஏறும்போது முன்சில்லு நிலத்தை விட்டு எழும்பும். இதற்குச் சொல்லப்படும் வைத்தியம் இரண்டு. மூக்கில் வார்ப்பிரும்பு பூட்டலாம், அல்லது பின் ரயருக்குள் தண்ணீர் விடலாம். மண்மூட்டை கட்டுவதைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை. மழையில் நனைந்து கனம் மாறும், குலுங்கிச் சரியும்.

நாங்கள் எடுத்தது முன்பாரம். காரணம் விலையல்ல, விலை பார்த்தால் தண்ணீர்தான் வெல்லும்.

முதலில் வெறும் மெசினை நிறுக்க வேண்டும். நெல் ஆலைகளில் லொறி நிறுக்கும் தராசு போதும். டீசல் நிரம்பியிருக்க, ஓட்டுபவர் இருக்கையில் இருக்க, முன்சில்லு மட்டும் தட்டில் நிற்க ஒரு தரம், பின்சில்லு மட்டும் நிற்க ஒரு தரம், முழுசாக ஏற்றி ஒரு தரம். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும். வராவிட்டால் தட்டும் தரையும் ஒரே மட்டத்தில் இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு. முழு எடை 1,850 கிலோ, அதில் முன் அச்சில் 700. றொட்டவேற்றர் 460 கிலோ, அதில் ஒட்டும் சேறு 80, ஆக 540. தூக்கிய நிலையில் அதன் பார மையம் பின் அச்சிலிருந்து 1.2 மீற்றர் பின்னால். இரு அச்சுக்கும் இடையே 1.9 மீற்றர். 540ஐ 1.2ஆல் பெருக்கி 1.9ஆல் பிரித்தால் 341. முன் அச்சிலிருந்து அவ்வளவு கிலோ பறிபோகிறது, மிஞ்சுவது 359. வெறும் மெசினின் எடையில் ஐந்திலொன்றாவது முன்னால் நிற்க வேண்டும் என்பது பொது விதி. இங்கே அது 370. சமதரையிலேயே குறைகிறது என்றால், வரம்பில் ஏறும்போது கேட்கவே வேண்டாம்.

இப்போது முன் அச்சுக்கு 0.6 மீற்றர் முன்னால் 100 கிலோ பூட்டுங்கள். பின் அச்சிலிருந்து நெம்பும் தூரம் 2.5 மீற்றர் ஆவதால் முன் அச்சில் 132 கிலோ கூடும், 491 வரும். அதற்குப் பதிலாக இரண்டு பின் ரயரிலும் சேர்த்து 300 கிலோ தண்ணீர் விட்டால்? அதே 359 தான். தண்ணீரின் கனம் இறங்குவது பின் அச்சுக்கு நேரே. கிணற்றில் துலா மிதித்தவர்களுக்கு இது புரியும்: துலாவைத் தாங்கும் ஆடுகாலுக்கு நேரே எத்தனை பேர் நின்றாலும் தண்ணீர்ப் பட்டை எழும்பாது. முன்சில்லு எழும்பாமலிருக்கத்தான் தண்ணீர் விடுகிறோம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தண்ணீருக்கும் இடம் உண்டு. காய்ந்த நிலத்தில் கொத்துக் கலப்பை இழுக்கும்போது சில்லு வழுக்குவதைக் குறைக்கும். 12.4-28 ரயரில் முக்கால்வாசி நிரப்பினால் ஒன்றுக்குச் சுமார் 150 லீற்றர் பிடிக்கும். ஜாக் வைத்து, வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, உள் ஊசியைக் கழற்றித் தண்ணீர் விட வேண்டும். இடைக்கிடை நிறுத்திக் காற்றை வெளியே விட்டால்தான் மேலும் இறங்கும். வால்வு மட்டத்துக்கு வந்தால் முக்கால். பிறகு காற்று அடிக்கலாம். முல்லைத்தீவுக் கரையோர உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். குளிர்நாடுகளில் உறையாமலிருக்கக் கல்சியம் குளோரைட் கலப்பார்கள், இங்கே அது றிம்மைத் தின்னத்தான் உதவும்.

சேற்றுழவில் அதே தண்ணீர் பகையாகும். மன்னார் முருங்கன் களிமண்ணில் கூடுதல் 300 கிலோ மெசினை இன்னும் ஆழமாகப் புதைக்கும். முள்ளுக் குத்தினால் தண்ணீரை இறக்காமல் ரியூப் கழற்ற முடியாது, ஈர ரியூப்பில் ஒட்டும் பிடிக்காது. வால்வு ஓட்டையைச் சுற்றித் துருப்பிடித்த றிம்மைக் கண்டதும் வாங்க வருபவர் விலையைக் குறைப்பார். இரும்புக் கட்டியோ மெசினை விட்டுத் தனியாகவும் விலைபோகும்.

முன்பாரம் பூட்டுவதில் பிழைக்கிற இடம் சட்டம். கோண இரும்பில் செய்த பம்பரில் தொங்கவிட வேண்டாம். முன் அச்சைத் தாங்கும் வார்ப்பிலுள்ள துளைகளில்தான் பூட்ட வேண்டும். பழைய மெசினில் அந்த மரை தேய்ந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஸ்டியறிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, அச்சை ஒருபக்கம் சாய்த்து, ரயர் கட்டியில் முட்டுகிறதா பாருங்கள். வார்ப்பிரும்பு கிடைக்காவிட்டால் கொங்கிறீற் கட்டை ஊற்றலாம். 100 கிலோவுக்கு 35 சென்ரிமீற்றர் கனசதுரம் வேண்டும், றேடியேற்றர் காற்றை மறைக்காத உயரத்தில் நிற்க வேண்டும். கொங்கிறீற்றை நீண்டகாலம் பாவித்த அனுபவம் எங்களுக்கு இல்லை. போல்ற் துளையைச் சுற்றி வெடிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று: சேற்றில் புதைந்ததும் பின்சில்லில் மரக்கட்டை கட்டி முன்னுக்கு எடுக்கும் பழக்கத்துக்கு எந்தப் பாரமும் ஈடுகொடுக்காது. சில்லு சுற்றாவிட்டால் மெசின் சுற்றும், கிளச்சை மிதிக்க நேரமிராது. றொட்டவேற்றரைக் கழற்றிவிட்டு, பின்னுக்கு எடுக்கப் பாருங்கள்.

போகம் முடிந்ததும் கட்டிகளைக் கழற்றிவிடலாம். சும்மா ஓடும்போது முன்சில்லு திரும்பும் கிங்பின்னின் புஷ்ஷும் முன் பெயரிங்கும் வீணே தேயும், பவர் இல்லாத ஸ்டியறிங் கையை முறிக்கும். பின்னால் இழுக்கும் பெட்டியில் நெல் ஏற்றி ஓடுவதென்றால் மட்டும் பாதியை விட்டுவையுங்கள். ஒற்றை அச்சுப் பெட்டியில் மூட்டையை முன்னால் குவித்தால் அதுவும் மூக்கைத் தூக்கும்.